மகளின் அறையில் ஒரு குளிர் அலுமாரி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் அல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடையில் வாங்கவேண்டிய சாமான்களின் பெயர்களும், வேலையிடத்தில் துடைத்து முடித்த அறைகளுக்குப் போடும் அடையாளங்களும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. விழாக்களில் கதிரை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் இருந்து எழும்பி வருகிற ஆள். அப்படிப்பட்ட ஒருத்தி பியர் புளிக்கவைக்கும் பெட்டி ஒன்றைப் பற்றி எழுத வந்தால் சிலர் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் சிலருக்கு வெட்கமாகவும் இருக்கும். வேறு விதமாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் என்ற இடத்தில், எங்கள் வீடு ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மேல் மாடியில், கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. லிப்ட் இல்லை. கோடையில் கூரை பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவில் எங்கள் தலையில் இறக்கும். என் கணவர் நகரத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். எங்களுக்கு ஒரே மகள். தொழில் படித்து முடித்ததும் ஆரா என்ற வேறு நகரத்தில் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலை ஒரு காரணம், தகப்பனின் குடி மற்றக் காரணம்.

அவருடைய குடி சண்டைக் குடி அல்ல. கை நீட்டமாட்டார், சத்தம் போடமாட்டார். வேலையால் வந்து, குளித்து, சோபாவின் ஒரு மூலையில் இருந்து, போத்தல் முடியும்வரை குடிப்பார். பிறகு அந்த மூலையிலேயே சாய்ந்துவிடுவார். சண்டை பிடித்தாலாவது திருப்பி ஏதாவது சொல்லலாம். ஈரல் வீங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். இன்னொரு தரம் மணத்தோடு வந்தால் வேலைக்கு வரத் தேவையில்லை என்று உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் சொன்னார். இரண்டும் சேர்ந்துதான் அவரை ஆலோசனை நிலையத்துக்கு அனுப்பின. குடியை அளவாக்குவது எப்படி என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

“நானும் வரட்டோ?” என்று கேட்டேன்.

“நீர் வந்து என்ன கதைக்கப்போறீர்? எனக்குப் பக்கத்தில இருந்து கைப்பையைத்தான் பிடிச்சுக்கொண்டிருப்பீர்” என்றார்.

அது உண்மைதான். நான் போகவில்லை. அங்கே என்ன சொன்னார்கள் என்பதில் அவர் வந்து சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

வீட்டிலேயே பியர் செய்வது என்ற யோசனை அவரோடு வேலை செய்த ஒரு சுவிஸ்காரர் கொடுத்தது. அந்த மனிதர் தன்னுடைய பழைய வாளி, குழாய், வாயு வெளியேற மூடியில் செருகும் சின்னக் கண்ணாடிக் குமிழ் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார். இவர் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

“இஞ்சை பாரும். இனி நான் செய்யிறதை மட்டும்தான் குடிப்பன். கடைப் போத்தல் இந்த வாசல் தாண்டாது. செய்யிறதுக்கு ஒரு மாதம் எடுக்கும். அதால அளவாத்தான் குடிக்க ஏலும். விளங்குதோ?”

எனக்கு விளங்கியது. எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

முதல் வாளி குளிர்காலத்தில் வைத்தது. மகளின் அறையில் ஹீற்றரை நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு அங்கே வைத்தார். கண்ணாடிக் குமிழ் ‘ப்ளொக், ப்ளொக்’ என்று சத்தம் போட்டது. வேலையால் வந்ததும் சப்பாத்துக் கழற்றமுதல் அதைப் போய்ப் பார்ப்பார். போத்தலில் அடைத்து, இன்னும் இரண்டு கிழமை வைத்திருந்து, முதல் போத்தலைத் திறந்தபோது அவருடைய முகத்தில் பல வருடங்களாக நான் காணாத ஒரு சிரிப்பு இருந்தது. பின்னேரத்தில் இரண்டு போத்தல் குடித்தார், அதற்கு மேல் இல்லை. சோபாவின் மூலையை விட்டு எழும்பி வந்து என்னோடு மேசையில் இருந்து சாப்பிட்டார். மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “பாப்பம்” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது வாளியைக் கோடை தொடங்கும்போது வைத்தார். அந்த வருடம் வெக்கை முன்னதாகவே வந்துவிட்டது. அறை கொதித்தது. குமிழ் பைத்தியம் பிடித்ததுபோலத் துள்ளியது. மூடியைத் திறந்தபோது நகப்பூச்சு அழிக்கிற மருந்தின் மணம் மூக்கில் அடித்தது. அவர் ஒரு வாய் எடுத்து, கழுவுதொட்டியில் துப்பினார்.

“பழுதாப் போச்சு” என்றார்.

வாளியைக் கவிழ்த்து ஊற்றினார், கழுவித் துடைத்து வைத்தார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது, பைக்குள் போத்தல்கள் ஒன்றோடொன்று தட்டுப்படும் சத்தம் அவருக்கு முன்னரே படியேறி வந்தது. அது பியர் அல்ல, விஸ்கி.

அதற்குப் பிறகு முன்னையதைவிட மோசமாகப் போனது. காலையில் முதல் மிடறு உள்ளே போகும்வரை கை நடுங்கும். சேட்டுப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுவேன். வேலைக்குப் போகமுதல் வாயில் பெப்பர்மின்ட் இனிப்பு இரண்டைப் போட்டுக்கொள்வார். அந்த நடுக்கத்தைக் குடி தந்த வருத்தம் என்றும், குடி நின்றால் அதுவும் நின்றுவிடும் என்றும் நான் நினைத்திருந்தேன். நான் மட்டும் அல்ல, எங்கள் சனம் எல்லாம் அப்படித்தான் நினைக்கும்.

என்னுடைய கணக்கு இதுதான். பியர் சரியாக வந்தால் இவர் கடைக்குப் போகமாட்டார். பழுதானால் போவார். கடைக்குப் போனால் ஈரலும் போகும், வேலையும் போகும். ஆகவே கோடை முடியும்வரை ஒரு வாளியைக் குளிராக வைத்திருக்க வேண்டும். பத்தொன்பது டிகிரி இருந்தால் போதும் என்று அந்தச் சுவிஸ்காரர் சொல்லியிருந்தார்.

இதை வாசிக்கிற சுவிஸ் பிள்ளைகள், கீழே நிலவறையில் வைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். உண்மைதான். எங்கள் நிலவறை ஆடி மாதத்திலும் குளிராகத்தான் இருக்கும். கீழே வைத்திருந்தால் இந்தப் பெட்டியே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அங்கே ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் உள்ள அறைகள் பலகைச் சட்டத்தால் அடைத்தவை. இடுக்கு வழியாக உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். இரண்டாம் மாடியில் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று இருக்கிறது. பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கலாம் என்றால், நாலு மாடி தூக்குவதற்கு ஆட்களைக் கூப்பிடவேண்டும். வருகிறவர்கள் என்னத்துக்கு என்று கேட்பார்கள். இவருக்கு வெட்கம். எனக்கு அதைவிட வெட்கம். அதனால்தான் நானே செய்தேன்.

செய்யத் தெரியுமா என்றால், கொஞ்சம் தெரியும். இந்த நாட்டுக்கு வந்து பல வருடங்கள் காது கேட்கும் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்ன வயர்களை ஈயம் உருக்கி ஒட்டினேன். அந்த வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்கு வந்தேன். கை மறக்கவில்லை.

மகள் சிநேகிதிகளோடு கூடாரம் அடிக்கப் போகும்போது கொண்டுபோகும் குளிர்பெட்டி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தாள். காரில் செருகினால் குளிரும். அதைக் கழற்றினேன். உள்ளே கிறீம் பிஸ்கட் அளவில் ஒரு வெள்ளைத் தகடு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். பெல்டியர் என்று சொல்வார்கள். மின்சாரம் ஓடினால் ஒரு முகம் குளிரும், மறு முகம் சுடும். மோட்டாரும் இல்லை, வாயுவும் இல்லை. குளிர்கிற முகத்திலும் சுடுகிற முகத்திலும் அலுமினியச் செதில்களை இறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விசிறி பூட்டியிருந்தார்கள். ஒன்று போதாது என்று இன்னொரு தகட்டையும், மின்சாரம் கொடுக்கும் பெட்டியையும், குறித்த சூட்டில் தானாக நிறுத்தித் தானாகப் போடும் கட்டுப்பாட்டையும் இணையத்தில் வாங்கினேன். கடையில் ஆளிடம் கேட்கத் தேவையில்லை என்பதால் எனக்கு அது வசதி.

அலுமாரி தெருவில் கிடைத்தது. ‘இலவசம்’ என்று எழுதிய தாளை ஒட்டி யாரோ வாசலில் வைத்திருந்தார்கள். வாளி நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரம். தட்டுகளைக் கழற்றிவிட்டு, உட்சுவர் முழுவதும், சூடு உள்ளே வராமல், தடித்த ரெஜிபோம் நுரைப் பலகை ஒட்டினேன். அந்த வெள்ளைப் பலகைகளை நான் பஸ்ஸில் கொண்டுவந்தபோது எல்லாரும் விலகி இடம் விட்டார்கள். கதவின் விளிம்பில் ஜன்னலுக்கு ஒட்டும் ரப்பர். பின்பலகையில் இரண்டு சதுரம் வெட்டி, தகடுகளை அதில் இறுக்கினேன்.

முதல் நாள் உள்ளே குளிரவில்லை. மாறாகச் சூடு ஏறியது. இவர் கையில் கிளாசோடு வந்து கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார்.

“என்னப்பா, போறணையோ கட்டியிருக்கிறீர்? பாண் சுடுவமோ?”

“பகிடி பண்ணாதையுங்கோ.”

“இல்லையப்பா, உண்மையாத்தான். பணிஸும் போடலாம்.”

எனக்கு அழுகை வந்தது. அவர் கிளாசை ஜன்னலடியில் வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

பிழை இரண்டு. தகட்டுக்கும் செதிலுக்கும் நடுவில் பூசும் பசையை நான் பாணுக்கு மாஜரின் பூசுவதுபோலத் தடிப்பாகப் பூசியிருந்தேன். அது சூட்டைக் கடத்தாமல் தடுத்துவிட்டது. மற்றது, அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். குளிர வைப்பதென்றால் சூட்டை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளிவிடுவது மட்டும்தான். அது மறைந்துபோவதில்லை. தள்ளிய சூடு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பசையைச் சுரண்டி எடுத்து, மெல்லிசாகப் பூசி, அலுமாரியை முன்னுக்கு இழுத்து, பின்பக்கத்துச் சூட்டை மட்டைப் பெட்டியால் செய்த குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே விட்டேன். உள்ளே செதில்களில் தண்ணீர் கோர்த்துச் சொட்டியது. அதற்குக் கீழே கேக் தட்டு ஒன்றை வைத்தேன்.

மெல்ல மெல்ல இறங்கியது. இருபத்தைந்து, இருபத்திரண்டு, இருபது. வெளியே தார் உருகும் வெயில். கட்டுப்பாட்டின் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் பத்தொன்பது என்று வந்து நின்றபோது அவரைக் கூப்பிட்டேன். பார்த்தார். முழங்காலில் இருந்து வாளி வைக்கும் இடத்தைக் கையால் தடவினார்.

“கெட்டிக்காரியப்பா நீர். உம்மட்டை இப்பிடி ஒரு மூளை இருக்கெண்டு தெரிஞ்சிருந்தா சீதனத்தைக் கொஞ்சம் குறைச்சுக் கேட்டிருப்பன்” என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் வாளியை நிரப்பி உள்ளே வைத்தார். வாளியின் விளிம்போடு சூடு அளக்கும் உணரியை ஒட்டி, கதவைப் பூட்டினோம். இந்தமுறை குமிழ் நிதானமாகப் பேசியது. பழுதாகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது பியராக வர ஒரு மாதம் வேண்டும். அந்த மாதத்தை எப்படிக் கடப்பது? அவர் ஒவ்வொரு நாளும் விஸ்கி குடித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்கு விடை கோவிலில் இருந்து வந்தது.

கோவில் திருவிழா கிட்டியிருந்தது. எங்கள் ஆண்கள் பலர் எவ்வளவு குடிகாரராக இருந்தாலும், கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை தொடமாட்டார்கள். மச்சமும் இல்லை, மதுவும் இல்லை. வீட்டுப் பெண்களுக்கு அந்த நாட்கள்தான் நிம்மதி. கோவில் வேலைகளைப் பார்க்கும் அண்ணை ஒருவர், பூம்ப்ளிஸில் இருப்பவர், யார் யார் எந்த நாளுக்கு உதவிக்கு வருவார்கள் என்று கேட்டு வீட்டுக்கு வந்தார். வந்தவருக்கு விசிறிச் சத்தம் கேட்டுவிட்டது. மகளின் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அலுமாரியைப் படுக்கை விரிப்பால் மூடியிருந்தேன்.

“என்ன உது, உள்ளுக்க மெசின் ஓடுது?”

நான் அறைக் கதவைச் சாத்தினேன். இவர்தான், “தோசை மா அண்ணை” என்றார்.

“உவ்வளவு பெரிய பெட்டியிலயோ? ஊருக்கே சுடப்போறியள் போல!”

“அன்னதானத்துக்குத் தருவம்.”

அண்ணை சிரித்தார். இவரும் சிரித்தார். பிறகு திடீரென்று இவர் முகம் மாறியது.

“அண்ணை, இந்தமுறை கொடியேறினாப் பிறகு நான் தொடமாட்டன். தேருக்குக் காவடி எடுக்கிறன். எழுதிக்கொள்ளுங்கோ.”

“உதைத்தான் தம்பி, உன்ர வாயால கேக்கவேணுமெண்டு எத்தினை வருசமா நிக்கிறம்” என்று அவர் இவருடைய தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்குக் கண் கலங்கியது.

அவர் போன பிறகு இவர் சொன்னார்: “தீர்த்தம் முடிஞ்சு கொஞ்ச நாளில பியர் வந்திடும். நடுவில கடைக்குப் போற வேலையே இல்லை.”

“விரத வீட்டுக்குள்ள உதை வைச்சிருக்கலாமோ?”

“அது இன்னும் பியர் இல்லையப்பா. புளிக்கிற தண்ணி. உம்மட தோசை மா புளிக்கேல்லையோ? அதைத் திண்டுபோட்டுத்தானே கோவிலுக்குப் போறீர்.”

எனக்கு அதில் குறை காணத் தெரியவில்லை. கொடியேற்றத்துக்கு முதல் நாள் மிச்சமிருந்த விஸ்கியை அவரே கழுவுதொட்டியில் ஊற்றினார். இரண்டு பேரும் தலைக்குக் குளித்துக் கோவிலுக்குப் போய் வந்தோம்.

அன்று இரவு அவருக்கு நித்திரை வரவில்லை. வியர்த்து ஊற்றியது. தலையணை உறையை மாற்றிப் போட்டேன். காலையில் சத்தி எடுத்தார். கை நடுக்கம் தோள் வரை ஏறியிருந்தது. கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்துக் கொடுத்தேன். அதையும் சத்தி எடுத்தார்.

“நஞ்செல்லாம் வெளியில போகுது. விடும், சுத்தமாகட்டும்” என்றார்.

நானும் அதைத்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அறைக்குள் போய், விரிப்பை விலக்கி, சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். பத்தொன்பது. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் திருவிழாவுக்குப் போனோம். போகவேண்டாம், படுங்கோ என்று ஒரு தரம் சொன்னேன். “பேர் குடுத்தாச்சு” என்றார். பஸ்ஸில் அவருடைய முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. சாமி உள்வீதி சுற்றும்போது குடை பிடிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் தூணோடு நின்றேன். குடை முதலில் மெல்ல ஆடியது. பிறகு குஞ்சமெல்லாம் பறக்கும்படி உதறியது. அவர் முகம் வெளுத்து, கண் ஓர் இடத்தில் குத்திட்டு நின்றது.

“உருவருது, உருவருது” என்று யாரோ சொன்னார்கள். சனம் விலகியது. மேளம் வேகம் பிடித்தது. பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பிடித்தாள்.

“உங்கட அவருக்கு அம்மன் இறங்கியிருக்கிறா. குடுத்து வைச்சனீங்கள், அக்கா.”

நான் கை கூப்பினேன். அவரைப் பார்த்துத்தான் கூப்பினேன். என் வாழ்க்கையில் முதல் தரமாக அவ்வளவு சனத்துக்கு நடுவில் எனக்குக் கூச்சம் வரவில்லை. யாரோ அவருடைய நெற்றியில் திருநீறு அள்ளிப் பூசினார்கள். மேளம் இன்னும் உயர்ந்தது.

குடை சாய்ந்தது. அவர் மரம்போல விறைத்து விழுந்தார். தலை நிலத்தில் பட்ட சத்தம் மேளத்தை மீறிக் கேட்டது. உடம்பு வில்லாக வளைந்து அடித்தது. வாயோரத்தில் நுரையும் இரத்தமும் வந்தன. அப்போதுகூட இரண்டு பேர் கற்பூரம் காட்டினார்கள். பூம்ப்ளிஸ் அண்ணைதான் முதலில், “இது உரு இல்லையடா, வலிப்பு” என்று கத்தினார். கத்திக்கொண்டே இடுப்பிலிருந்த கோவில் சாவிக்கொத்தை எடுத்து இவருடைய உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்தார். இரும்பு பிடித்தால் நின்றுவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். இங்கே பிறந்த பிள்ளை ஒருத்தி எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து, அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, அம்புலன்சுக்கு அடித்தாள்.

அவரைக் கொண்டுபோனது நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கு. ஒவ்வொரு நாளும் நான் துப்புரவு வண்டில் தள்ளிப் போகும் வாசல். அன்று சீலையோடு, செருப்பில்லாமல் நின்றேன். இளம் டொக்டர் ஒருவர் வந்து, வலிப்பு முன்னர் எப்போதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். குடிப்பாரா என்று கேட்டார்.

நான் அதற்குத்தான் காத்திருந்தவள்போல நிமிர்ந்து நின்று சொன்னேன், என்னுடைய ஜெர்மனில், தெளிவாக: “முன்பு நிறையக் குடித்தார். இப்போது இல்லை. நேற்றிலிருந்து ஒரு சொட்டும் இல்லை.”

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

“ஒரேயடியாகவா நிறுத்தினார்? யாராவது சொன்னார்களா?”

“கோவிலுக்காக” என்றேன்.

அவர் ஏசவில்லை. திரும்பி உள்ளே போய்த் தாதியிடம் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு எல்லாரும் வேகமாக நடந்தார்கள். நீண்ட காலம் அவ்வளவு குடித்தவர்கள் மருந்தில்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று பிறகு வந்து விளக்கினார். வலிப்பு முதல் கட்டம் என்றும், இதற்கு மேலும் வரலாம் என்றும் சொன்னார்.

வந்தது. அடுத்தடுத்த நாட்களில் அவருக்கு நான் யார் என்று தெரியவில்லை. சுவரில் எறும்பு ஊருகிறது, துடையுங்கோ என்று கத்தினார். பிறகு உணவகத்துச் சமையலறையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, “இரண்டு ரோஸ்டி! மேசை நாலு!” என்று இல்லாத ஆட்களுக்கு ஜெர்மனில் கட்டளை போட்டார். கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். கட்டிய கை வெங்காயம் வெட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சத்தி மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளி பிடித்தது. தூங்க வைத்து, வாயில் குழாய் போட்டார்கள். அதன் பிறகு சத்தமே இல்லை.

மகள் வந்தாள். தீவிர சிகிச்சை அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று தகப்பனைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம்.

“அங்க போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அம்மா.”

“ஆரிட்டை?”

“அப்பா போன ஆலோசனை நிலையத்துப் பொம்பிளையிட்டை. இப்பிடி விரதமெண்டு நிப்பாட்டப் போறார், சரியோ எண்டு. ஒரு போன்.”

“அவர் நிப்பாட்டுறன் எண்டவர், பிள்ளை. நிப்பாட்டுறதைப் பிழையெண்டு ஆர் சொல்லுவினம் எண்டு நினைச்சன்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தேத்தண்ணீர் போட்டேன். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

பிறகு அவள் தன் அறைக்குள் போனாள். விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னலில் மட்டைக் குழாய் கழன்று விழுந்திருந்தது. அறை அடுப்படிபோல இருந்தது. அவள் விரிப்பை இழுத்தாள். பின்பக்கத்து விசிறிகளைக் குனிந்து பார்த்தாள்.

“இது என்ர குளிர்பெட்டிதானே?”

“ஓம். கழட்டிப்போட்டன்.”

“நீங்களோ செய்தது?”

“ஓம்.”

கதவைத் திறந்தாள். குளிர் காலில் பட்டது. குமிழ் பேச்சை நிறுத்தியிருந்தது. அவள் வாளியின் மூடியைக் கழற்றியபோது பாணும் தேனும் கலந்ததுபோல ஒரு மணம் வந்தது. நகப்பூச்சு மணம் இல்லை.

“நல்லா வந்திருக்கு” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

“இதை ஊத்தவேணும், அம்மா.”

“அவர் வந்து இது இல்லையெண்டால் கடைக்குப் போவார்.”

“இருந்தா இதைக் குடிப்பார். டொக்டர் என்ன சொன்னவர்? இனி ஒரு சொட்டும் கூடாது. அளவா எண்டதெல்லாம் முடிஞ்சுது.”

“வந்தால்தானே, பிள்ளை” என்றேன்.

வாளியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறு பக்கத்தை நான் பிடித்தேன். குளியலறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் சாய்த்தோம். நிறைய நேரம் எடுத்தது. அடியில் ஈஸ்ட் களிபோல ஒட்டியிருந்தது. நான் சுடுதண்ணீர் விட்டுக் கையால் தேய்த்தேன். மகள் தொட்டியின் விளிம்பில் இருந்து அழுதாள். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அலுமாரியின் மின்சாரத்தை அவள்தான் பிடுங்கினாள்.

அடுத்த நாள் தேர். நாங்கள் போகவில்லை. மகள் காலை ரயிலில் ஆராவுக்குப் போனாள். எனக்கு வேலை இருந்தது. மத்தியானம் இடைவேளையில் வேலை உடுப்போடு அவரைப் பார்க்கப் போனேன். குழாயை எடுத்துவிட்டுக் கட்டிலில் இருத்தியிருந்தார்கள். கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும், தரை துடைக்க வந்த பெண் என்று நினைத்து, ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார்.